அழுத்தாதே, கண்ணா!

மாலை ஆறரை மணிக்கு, குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிற சமயம் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் கிடார் கிளம்பும். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற என் இளைய பிள்ளை இரண்டு வருஷமாகக் கற்றுக்கொள்கிறான். பாட்டுக்குத் துணையாகக் கார்ட் பிடித்து வாசித்த வரை குறையே இல்லை. 'லீட்' என்று ஒற்றை ஒற்றை ஸ்வரமாக, வேகமாக வாசிக்கும் பாடம் வந்ததும்தான் தொல்லை. ஒரு ஸ்வரம் 'டிங்' என்று பேசினால் அடுத்தது 'டொக்' என்று செத்துப்போகும். அதற்கடுத்தது ஈ பறக்கிற மாதிரி இரையும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கல்யாணத்துக்கு முன் ஏழு வருஷம் வீணை கற்றவள் அல்லவா? அடுப்படியிலிருந்தே, "நல்லா அழுத்திப் பிடிடா!" என்று குரல் கொடுப்பேன். பிள்ளையும் அம்மா சொல்லைத் தட்டாமல் அழுத்தினான். ஒரு மாதத்தில், இடது கையால் தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியவில்லை. கட்டைவிரல் அடியில் அப்படி வலி!

டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தனை பலமா எதைப் பிடிக்கிறான்?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வாரம் கிடாரைத் தொடக்கூடாது என்றார். "விரல் மரத்துப் போனாலோ, குறுகுறுவென்று இருந்தாலோ உடனே கூட்டிக்கிட்டு வாங்க" என்றும் சொல்லி அனுப்பினார். பிள்ளை, "இனிமே எனக்கு கிடாரே வேண்டாம்மா" என்று உறையில் போட்டு மூடிவிட்டான். எனக்கு ராத்தூக்கம் போயிற்று. மறுநாளே அவனுடைய மாஸ்டரிடம் போய் உட்கார்ந்துகொண்டு, ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு வந்தேன்.

வீணையில் மெட்டு என்கிறோமே, அதைத்தான் கிடாரில் ஃப்ரெட் என்கிறார்கள். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் விரலை வைத்தால் அதிகம் அழுத்த வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் இரையும். கம்பியின் மேலேயே வைத்தால் நாதம் மூடிக்கொள்ளும். ஃப்ரெட்டை ஒட்டி, முறுக்காணி இருக்கிற தலைப்பக்கமாக, விரல் நுனி படவேண்டும். என் பிள்ளை நடுவில் வைத்துவிட்டு, அந்தக் குறையைப் பலத்தால் ஈடுகட்டிக்கொண்டிருந்தான்.

எவ்வளவு அழுத்தம் போதும்? மாஸ்டர் சொன்ன சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. தந்தியை விரல் தொட்டால் போதும் என்று வைத்து மீட்டினால் 'டொக்' என்கும். மீட்டிக்கொண்டே மெல்ல மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் ஸ்வரம் தெளிந்துவிடும். அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். கடையில் தக்காளியை அமுக்கிப் பார்ப்போமே, ஏறக்குறைய அவ்வளவுதான்! அப்புறம் கட்டைவிரலை எடுத்துவிட்டும் வாசித்துப் பார்க்கச் சொன்னார். கட்டைவிரல் பின்னால் தாங்குவதற்குத்தான், கிள்ளுவதற்கு அல்ல.

வீணையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் மெட்டின் மேல் ஓடும். இங்கே நாலு விரலுக்கும் வேலை. ஐந்தாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி, ஆறில் நடுவிரல், ஏழில் மோதிரவிரல், எட்டில் சுண்டுவிரல் என்று வீட்டுக்கொரு ஆள் மாதிரி. அந்த இடத்தில் அவன் வாசிக்கிற ஐந்து ஸ்வரப் பாடத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். அட, நம்ம சுத்த தன்யாசி! மைனர் பென்டடானிக் என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு தப்பு, விரலை எடுக்கும்போது வானத்துக்குத் தூக்குவது. தூக்கிய விரல் திரும்பி வருவதற்குள் தாளம் போய்விடும். தந்திக்கு மேலே அரை அங்குலத்துக்குள் காத்திருக்க வேண்டும். வலது கை மீட்டாமலே ஸ்வரம் வரவழைப்பதற்கு விரல் சுத்தியல் போல விழவேண்டும். எடுக்கும்போதோ, சும்மா தூக்கினால் சத்தம் அணைந்துவிடும். தந்தியைப் பக்கவாட்டில் லேசாகச் சுண்டிவிட்டு எடுக்க வேண்டும்.

எலெக்ட்ரிக் கிடாரில் வேண்டாத தந்தி முனகினாலும் ஸ்பீக்கரில் கேட்டுவிடும். ஆள்காட்டி விரலின் உள்பக்கம் கீழே இருக்கிற மெல்லிய தந்திகளின் மேல் பட்டும் படாமலும் கிடக்க வேண்டும். பருத்த தந்திகளை வலது உள்ளங்கையின் ஓரம் அடக்கும். குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற கை மாதிரி.

தந்தியை இழுத்து ஸ்வரத்தை ஏற்றும் 'பெண்டிங்' மட்டும் எனக்குப் பழகின வித்தை. மூன்றாம் தந்தி, ஏழாம் ஃப்ரெட்டில் மோதிரவிரலை வைத்து மேலே தள்ளும்போது, பின்னால் இருக்கிற இரண்டு விரல்களும் சேர்ந்து தள்ளவேண்டும். ஒற்றை விரலால் தள்ளித்தான் பிள்ளைக்கு வலி அதிகமாயிற்று. இதற்கு மட்டும் கட்டைவிரல் கழுத்தின் மேல் வரலாம். சாவி திருப்புகிற மாதிரி மணிக்கட்டு திரும்பும். சுருதி சேர்ந்ததா என்று பார்க்க, இரண்டாம் தந்தி ஐந்தாம் ஃப்ரெட்டை மீட்டி ஒப்பிடலாம்.

"எனக்கு விரலே சரியில்லம்மா" என்று அவன் அலுத்துக்கொண்ட நாளில் ஜாங்கோ ரெயின்ஹார்ட்டின் கதையைச் சொன்னேன். 1910-ல் பெல்ஜியத்தில் பிறந்தவர். 1928-ல் அவருடைய வண்டிவீடு தீப்பற்றி, இடது கை மோதிரவிரலும் சுண்டுவிரலும் கெட்டுப்போயின. மீதி இரண்டு விரலால் லீட் வாசித்தே உலகப் புகழ் பெற்றார். "வீணை மாதிரி ரெண்டு விரல்!" என்று பிள்ளை சிரித்துவிட்டான்.

இப்போது காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம். நிமிஷத்துக்கு அறுபது தட்டு, தட்டுக்கு ஒரு ஸ்வரம். ஐந்து முறை சுத்தமாக வந்தால்தான் வேகம் கூட்டுவது. வலித்தால் அன்றைக்கு அதோடு சரி. இடது கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுகிறோம். வெள்ளிக்கிழமை வெட்டக்கூடாது என்பார் என் மாமியார், அதனால் வியாழனே ஆயிற்று.

செம்பைத் தூக்குகிறான். ஸ்வரமும் பேசுகிறது. சுண்டுவிரல் மட்டும் எட்டாம் ஃப்ரெட்டுக்குப் போகச் சொன்னால் இன்னும் தயங்குகிறது. நான் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதில்லை. குக்கரோடு சரி.