குளிர்சாதனம் இலவசம், அதற்குப் பிறகு?

தமிழ்ப்பள்ளிக்கு நன்கொடையாளர் ஒருவர் குளிர்சாதனம் வாங்கித் தருகிறார். மாலை போட்டு, படம் எடுத்து, நன்றி சொல்லி அனுப்புகிறோம். அடுத்த மாதம் மின் கட்டணம் பள்ளி மேலாளர் வாரியத்தின் கைக்கு வருகிறது. படத்தில் இருந்தவர் அப்போது அருகில் இருப்பதில்லை.

பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் போன்ற வட்டாரங்களில் பல பள்ளிகள் ரப்பர் தோட்டங்களில் பிறந்தவை. பகுதி உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது. கட்டடப் பராமரிப்பில் பெரும் சுமை வாரியத்தின் தோளில்தான்.

வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று நாள் தொடர்ந்து 35 பாகையைத் தொட்டாலே வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுகிறது. தகரக் கூரையின் கீழ் பிள்ளைகள் வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் மனம் கேட்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வகுப்பறைக்கு இரண்டு குளிர்சாதனங்கள், சேர்த்து சுமார் 3 கிலோவாட். தினம் 5 மணி நேரம், ஆண்டுக்கு 190 பள்ளி நாள்கள்: 2,850 யூனிட். யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்தால் 1,425 வெள்ளி. ஆறு வகுப்புக்கு 8,550 வெள்ளி, ஒவ்வோர் ஆண்டும். கழுவிச் சுத்தம் செய்யும் கூலியும், கேஸ் நிரப்பும் செலவும் தனி.

அதே வகுப்பில் 75 வாட் விசிறி நான்கு சுழன்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 142 வெள்ளி. பிஎல்டிசி மோட்டார் உள்ள புதுவகை விசிறி 30 வாட் அளவில் ஓடும். செலவு 57 வெள்ளிதான். வாங்கும் விலை கூடுதல், ஆனால் சில ஆண்டுகளில் அது திரும்பிவிடும். கூரைக்கு அடியில் வெப்பத் தடுப்புத் தாள் ஒட்டினால் அதற்கு மின்சாரமே வேண்டாம். புகைமூட்டக் காலத்தில் மட்டும் விசிறி போதாது, சன்னலை மூடத்தான் வேண்டும். அதற்காக ஒரே ஓர் அறையில் குளிர்சாதனம் வைப்பது நியாயம்.

பணத்தைவிட எனக்குப் பயம் வயரிங்தான். விளக்குக்கும் விசிறிக்கும் அந்தக் காலத்தில் போட்ட மெல்லிய கம்பியிலிருந்து ஏர்கோனுக்கு இணைப்பு எடுத்தால் கம்பி சூடேறும். சுவருக்குள் நடப்பது வெளியே தெரியாது. 2016 அக்டோபர் 25-இல் ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூண்ட தீயில் 6 நோயாளிகள் இறந்தார்கள். முழுநேர ஊழியர்கள் இருக்கும் பெரிய மருத்துவமனையிலேயே தீ பிடிக்கிறது. மாலையில் காவலாளி ஒருவர் மட்டும் இருக்கும் பள்ளியை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே நன்கொடையை ஏற்கும் முன், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் குத்தகையாளரைக் கூப்பிட்டு டிபி பெட்டியையும் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். புது வயரிங்குக்கான பணத்தையும் ஐந்தாண்டுப் பராமரிப்பையும் சேர்த்து நன்கொடையாளரிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.