தெருவிளக்கு டெண்டர்: கோப்பில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள்

எல்இடி தெருவிளக்கு டெண்டருக்குக் கடைசி நாள் நெருங்க நெருங்க, ஊராட்சிகளிலிருந்தும் குடியிருப்போர் சங்கங்களிலிருந்தும் ஒரே கேள்விதான் வருகிறது: ‘கம்பெனிக்காரர் ஐஇஎஸ் கோப்பு கொடுத்துவிட்டார், டயலக்ஸ் மென்பொருள் கணக்கும் 15 லக்ஸ் காட்டுகிறது. நம்பலாமா?’

கோப்பைத் திறந்து பார்க்காமல் நம்பாதீர்கள்.

எந்தக் கோணத்தில் எத்தனை கேண்டெலா என்று ஆய்வகம் அளந்த பட்டியல்தான் அது. பூட்டும் கிடையாது, முத்திரையும் கிடையாது; நோட்பேடில் திறக்கும், யாரும் திருத்தலாம். ஆங்கிலத்தில் ‘டில்ட்’ என்று தொடங்கும் வரிக்கு அடுத்த வரிக்குப் போங்கள். முதல் எண், விளக்குகளின் எண்ணிக்கை. இரண்டாவது, எல்இடி என்றால் பெரும்பாலும் -1. முழு ஃபிட்டிங்கையும் அப்படியே அளந்தார்கள் என்று அர்த்தம். மூன்றாவதுதான் பெருக்கெண். கீழே உள்ள கேண்டெலா அளவுகள் அத்தனையையும் மென்பொருள் அதனால் பெருக்கிக்கொள்ளும்.

அங்கே 1 இருந்தால் சரி. 1.25 இருந்தால்? பட்டியலில் ஓர் எண்கூட மாறியிருக்காது. ஆனால் உண்மையில் 12 லக்ஸ் விழும் சாலை, கணக்கில் 15 லக்ஸ் ஆகிவிடும். ஐஎஸ் 1944 தரநிலை ‘ஏ2’ பிரிவு சாலைக்குக் கேட்பதும் சரியாக 15 லக்ஸ்தான்! ஒரு வாட்டில் அளந்ததை இன்னொரு வாட்டுக்குப் பெருக்கிக் காட்டுவது தொழிலில் உள்ள வழக்கம், அது தவறில்லை. பெருக்கியதைச் சொல்லாமல் மறைத்தால் அது மோசடி. குறைந்த வெளிச்சத்தில் குழி தெரியாமல் விழப்போவது உங்கள் ஊர்க்காரர்.

‘ஆய்வகச் சான்று பெற்றது’ என்பதையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி அனுப்பிய சாம்பிளை 25 டிகிரி அறையில் அளந்தார்கள், அவ்வளவுதான். சித்திரை இரவில் கம்பத்தின் மேல் அந்தக் குளிர்ச்சி இருக்காது. சூடு ஏற ஏற எல்இடியின் ஒளி குறையும்.

மற்ற கேள்விகள்:

50,000 மணி நேர ஆயுள் உண்மையா? எல்இடியை 6,000 மணி நேரம் சோதித்திருந்தால், அதிகபட்சம் ஆறு மடங்கு, 36,000 வரைதான் கணித்துச் சொல்ல விதி உண்டு. எல்இடிக்கு மின்சாரம் தரும் ‘டிரைவர்’ அதில் சேர்த்தியில்லை.

பராமரிப்புக் காரணி 1 என்று போட்டிருக்கிறார்களே? ஏற்காதீர்கள், தூசியையும் தேய்மானத்தையும் விட்டுவிட்டார்கள்.

வாட் கூடினால் வெளிச்சம் கூடுமா? கட்டாயமில்லை, லுமெனைப் பாருங்கள்.

விலைப்புள்ளியைப் பிரிக்கும் முன் ஆய்வக அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள உச்ச கேண்டெலாவும், கோப்பின் உச்ச எண்ணைப் பெருக்கெண்ணால் பெருக்கினால் வருவதும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். அறிக்கை எண்ணைச் சொல்லி ஆய்வகத்திடமும் நேரடியாக விசாரியுங்கள்.