மேலே பொன்நிறம், உள்ளே பால் வெள்ளம்!



"பேக்டு பிரெஞ்ச் டோஸ்ட் கேசரோல்" என்று சார் போர்டில் எழுதியபோது எங்கள் கேட்டரிங் வகுப்பில் பாதிப் பேருக்கு நினைவு வந்தது சப்பாத்தி சூடாக வைக்கும் டப்பாதான். கல்யாண வீட்டுப் பரிசாக வருமே, அதேதான்! நானும் அப்படித்தான் நினைத்தேன். பிரெஞ்சு மொழியில் கேசரோல் என்றால் அடுப்பில் வைக்கும் கைப்பிடிப் பாத்திரம். அமெரிக்காவிலோ ஓவனுக்குள் போகும் ஆழமான தட்டுக்கும் அந்தப் பெயர், அதில் வெந்து வரும் பதார்த்தத்துக்கும் அந்தப் பெயர்.

பிரெஞ்ச் டோஸ்ட் நமக்குப் புதிதல்ல. டீக்கடையில் 'பாம்பே டோஸ்ட்' என்று கேட்டு வாங்குகிறோமே, அது இந்த வகைதான். முட்டை, பால், சர்க்கரைக் கலவையில் ரொட்டியை முக்கிக் கல்லில் போட்டு எடுப்பது. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'பான் பெர்டூ' என்கிறார்கள். 'தொலைந்துபோன ரொட்டி' என்று அர்த்தம். காய்ந்து, வீணாய்ப் போக இருந்த ரொட்டியைப் பாலில் நனைத்து மீட்டுக்கொண்டார்கள். ரோமானியர்களின் பழைய சமையல் நூலான அபீசியஸிலேயே ரொட்டியைப் பாலில் ஊற வைத்துப் பொரித்து, தேன் ஊற்றும் குறிப்பு இருக்கிறது.

சரி, இதை ஏன் ஓவனில் வைக்க வேண்டும்? அங்கேதான் பிரஞ்ச் வருகிறது. காலை உணவும் இல்லாமல் மதிய உணவும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில் சாப்பிடுவது. 1895-இல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் இதற்காகவே வக்காலத்து வாங்கிக் கட்டுரை எழுதினார். பின்னால் அமெரிக்காவில் அது பெரிய பழக்கமாகிவிட்டது. பத்து பேர் மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது கல்லில் இரண்டிரண்டு துண்டாகச் சுட்டால் என்ன ஆகும்? முதல் ஆள் சாப்பிட்டு முடிக்கும்போது கடைசி ஆளுக்கு இன்னும் வந்திருக்காது. சுடுகிறவருக்கோ உட்காரவே நேரமில்லை. எங்கள் வீட்டில் தோசை நாளன்று அம்மா கடைசியில், அதுவும் நின்றுகொண்டே சாப்பிடுவதைப் பார்த்தவனுக்கு இது உடனே புரிந்துவிட்டது. கேசரோல் என்றால் இரவே எல்லாம் அடுக்கி ஊற வைத்துவிடலாம். காலையில் ஓவனில் தள்ளுவதுதான் வேலை. சமைத்தவரும் கூட உட்காரலாம்.

இனி என் கதைக்கு வருகிறேன். முதல் பிராக்டிகலில் நான் மூன்று தப்பு செய்தேன். அன்று காலை வந்த புத்தம் புது பிரெட்டை எடுத்தேன். பத்தே நிமிஷம் ஊற வைத்தேன். நேரமாகிவிட்டதே என்று ஓவனை 220 டிகிரியில் வைத்தேன். இருபதே நிமிஷத்தில் மேலே தங்கம் மாதிரி நிறம்! பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன். சார் நடுவில் கத்தி வைத்தார். பால் ஓடி வந்தது. "என்னப்பா, மேலே வெயில், உள்ளே மழையா?" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு உறைத்தது சிரிப்பு இல்லை, அதில் போன ஆறு முட்டை. எங்கள் வீட்டில் ஆறு முட்டையை ஒரே நாளில் உடைத்ததே கிடையாது.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இது ரொட்டிப் பதார்த்தமே அல்ல, கஸ்டர்டு! ஹாஸ்டலில் என் அறைத் தோழன் சிவில் படிக்கிறான். அவனுக்கு இப்படிச் சொன்னேன்: ரொட்டிதான் ஜல்லி, முட்டையும் பாலும்தான் சிமென்ட். முட்டையில் உள்ள புரதம் சுருண்ட நூல் மாதிரி இருக்கிறது. சூடுபட்டதும் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னி வலையாகி, பாலைப் பிடித்து நிறுத்துகிறது. வெறும் முட்டை 62 முதல் 70 டிகிரிக்குள் கெட்டியாகத் தொடங்கும். பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் அது 80 டிகிரி பக்கம் தள்ளிப்போகும். அதற்கும் மேலே ரொம்பப் போனால் வலை இறுகித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். ஆக, வேகாமலும் கெடும், வெந்தும் கெடும்!

மேல்பகுதி காய்ந்ததும் சூடு ஏறி நிறம் மாறிவிடுகிறது. நடுப்பகுதிக்கோ ஈரத்தின் வழியே சூடு மெல்லத்தான் போகும். மேல் நிறம் மேலைப் பற்றி மட்டும்தான் பேசும். நான் அதை நம்பிவிட்டேன்.

பழைய ரொட்டி எதற்கு என்றால், புது ரொட்டி பாலில் கரைந்து கூழாகிவிடும். நாளானால் அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி இறுகி, உடையாமல் கலவையை உறிஞ்சும். கையில் பழசு இல்லையென்றால் துண்டுகளை 150 டிகிரியில் பத்து, பதினைந்து நிமிஷம் காய வைத்தால் போதும்.

அளவு இதுதான்: 400 கிராம் பிரெட், 6 முட்டை, 600 மில்லி பால், 80 கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் பட்டைத் தூள், கொஞ்சம் வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெய் தடவிய தட்டில் ரொட்டித் துண்டுகளைப் போட்டு, கலவையை ஊற்றி, கையால் மெல்ல அமுக்கி, மூடி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். முட்டையும் பாலும் இருப்பதால் இரவில் வெளியே வைக்கவே கூடாது. காலையில் 175 டிகிரி. முதல் அரை மணி ஃபாயில் மூடி, பிறகு திறந்து இன்னும் பதினைந்து, இருபது நிமிஷம். கண்ணாடித் தட்டாக இருந்தால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சூடான ஓவனில் வைக்காதீர்கள், வெடித்துவிடும். நடுவில் தெர்மாமீட்டர் குத்திப் பாருங்கள். முட்டைப் பதார்த்தம் 71 டிகிரியாவது தொட வேண்டும் என்பது அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் பாதுகாப்புக் கணக்கு. நான் 78 வரை விட்டேன். எடுத்தபின் பத்து நிமிஷம் ஆற வேண்டும், அப்போதுதான் வெட்டினால் துண்டு நிற்கும்.

அங்கே மேலே ஊற்றுவது மேப்பிள் மரத்துச் சாறு காய்ச்சிய பாகு. சுமார் 40 லிட்டர் சாறு சுண்டினால்தான் ஒரு லிட்டர் கிடைக்கும், விலையைக் கேட்காதீர்கள்! நாங்கள் தேன் ஊற்றினோம். ரோமானியர்களும் அதைத்தானே ஊற்றினார்கள்!

இரண்டாவது தடவை, கேன்டீனில் மிஞ்சிய ரொட்டியின் ஓரத்துண்டுகளைக் கேட்டு வாங்கி, முந்தின நாளே ஊற வைத்துச் செய்தேன். "நடுவிலேயே வெட்டுப்பா" என்றார் சார். வெட்டினேன். பால் வரவில்லை.