லிங்கருக்குத் தெரிந்தது பெயர் மட்டும்

சி மொழி கற்கத் தொடங்குகிறவர்களைக் கலங்கடிக்கும் பிழைச் செய்தி ஒன்று உண்டு: ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’. நிரலில் அரைப்புள்ளி விட்டுப்போகவில்லை, அடைப்புக்குறியெல்லாம் சரியாக மூடியிருக்கிறது, கம்பைலரும் ஒரு குறை சொல்லாமல் வேலையை முடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தச் செய்தி வருகிறது. பல நேரம் வரி எண்கூட இருக்காது. காரணம், இதைச் சொல்வது கம்பைலர் இல்லை, லிங்கர். இரண்டும் தனித்தனி நிரல்கள். கம்பைலருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி லிங்கருக்குத் தெரியாது. இது மனதில் பதிந்துவிட்டால் இந்தச் செய்தியும் புரியும், இதைவிடக் கொடிய, செய்தியே வராத பிழைகளும் பிடிபடும்.

ஒரு சிறிய நிரலை எடுத்துக்கொள்வோம். கடன்.சி என்ற கோப்பில் ‘தொகை’ என்று ஒரு ஃபங்ஷன். அசலைக் கொடுத்தால் வட்டியும் சேர்த்துக் கட்டவேண்டிய தொகையைத் திருப்பித் தரும். முதன்மை.சி என்ற இன்னொரு கோப்பில் மெயின் ஃபங்ஷன் இருக்கிறது. அது ‘தொகை’யை அழைக்கிறது. ஃபங்ஷனுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம். ஜிசிசி கம்பைலர், 2020-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து யூனிகோட் எழுத்துகளை அப்படியே பெயராக ஏற்றுக்கொள்கிறது.

கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்கும். முதன்மை.சி-யைப் படிக்கும்போது கடன்.சி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஆனாலும் ‘தொகை’யை அழைக்கும் வரிக்கு அது இயந்திரக் கட்டளை எழுதியாக வேண்டும். இன்றைய இன்டெல், ஏஎம்டி கணினிகளில் இந்த அழைப்புக் கட்டளைக்கு 5 பைட். முதல் பைட் ‘அழை’ என்கிறது. அடுத்த 4 பைட்டும் எவ்வளவு தூரம் தாண்டிப் போகவேண்டும் என்பதற்கான எண். அந்தத் தூரம் இப்போது யாருக்கும் தெரியாது. ஆகவே கம்பைலர் அந்த 4 பைட்டிலும் பூஜ்யத்தை நிரப்பிவிட்டு, ‘இந்த இடத்தில் தொகை என்பதற்கான தூரத்தைப் பின்னால் எழுதிக்கொள்ளவும்’ என்று தனியாக ஒரு குறிப்பை வைக்கிறது. அந்தக் குறிப்புக்கு ரீலொகேஷன் என்று பெயர்.

கம்பைலர் தருகிற ஆப்ஜெக்ட் கோப்பில் இயந்திரக் கட்டளைகள், ரீலொகேஷன் குறிப்புகள், கூடவே சிம்பல் டேபிள் என்ற பெயர்ப் பட்டியல், எல்லாம் இருக்கும். லினக்ஸில் ‘என்எம்’ என்ற கட்டளை கொடுத்தால் பெயர்ப் பட்டியலைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடன்.சி-யிலிருந்து வந்த கோப்பில் ‘தொகை’க்கு முன்னால் ‘டி’ என்ற பெரிய எழுத்து இருக்கும்: அந்த ஃபங்ஷன் இங்கேயே இருக்கிறது என்று பொருள். முதன்மை.சி-யிலிருந்து வந்ததில் அதே பெயருக்கு முன்னால் ‘யூ’ நிற்கும்: இங்கே தேவைப்படுகிறது, ஆனால் இங்கே இல்லை. சி கற்பிக்கிறவர்கள் முதல் நாளிலேயே இந்தக் கட்டளையைக் காட்டிவிட வேண்டும் என்பது என் கருத்து. பாடப்புத்தகப் படங்களைவிட இந்த இரண்டு வரிகள் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

இனி லிங்கரின் வேலை. எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளையும் சேர்த்து அடுக்குகிறது. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு முகவரி கிடைக்கிறது. நம் அழைப்புக் கட்டளை 1000 என்ற முகவரியில் விழுகிறது, ‘தொகை’ 1200-இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டளை 5 பைட் என்பதால் அடுத்த கட்டளை 1005-இல். தூரத்தை அங்கிருந்துதான் எண்ணவேண்டும்: 1200-இல் 1005 போனால் 195. கம்பைலர் பூஜ்யம் வைத்துவிட்டுப் போன 4 பைட்டில் லிங்கர் 195 என்று எழுதுகிறது. அவ்வளவுதான் விஷயம். ஒரு பெரிய மென்பொருளில் இந்த நிரப்பு வேலை லட்சக்கணக்கில் நடக்கும். ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் இந்தக் கழித்தல் கணக்குதான்.

‘யூ’ என்று நிற்கிற ஒரு பெயருக்கு எந்தக் கோப்பிலும் ‘டி’ கிடைக்காவிட்டால் நாம் தொடக்கத்தில் பார்த்த பிழைச் செய்தி வரும். ஒரே பெயருக்கு இரண்டு கோப்புகளில் ‘டி’ இருந்தால் ‘மல்டிப்பிள் டெஃபனிஷன்’ என்று சொல்லி நின்றுவிடும். ஃபங்ஷனுக்கு முன்னால் ‘ஸ்டாட்டிக்’ என்று எழுதினால் அந்தப் பெயர் தன் கோப்புக்கு வெளியே தெரியாது, ஆகவே மோதாது.

எதற்காக இப்படி வெட்டி, பின்னால் ஒட்டவேண்டும்? எல்லாவற்றையும் ஒரேயடியாகப் படித்துவிட்டால் என்ன என்று கேட்பது நியாயம்தான். முதல் கணினிகளில் அதற்கு நினைவகமும் இல்லை, நேரமும் இல்லை. கேம்பிரிட்ஜில் 1949-இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்குத் துணை நிரல்களைக் காகித நாடாவில் துளையிட்டு நூலகமாக அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றை ஏற்றும்போதே முகவரிகளைத் திருத்திக்கொள்ளும் முறையை டேவிட் வீலர் உருவாக்கினார். 1957-இல் வந்த ஃபோர்ட்ரானில் ஒரு வரியை மாற்றினாலும் முழு நிரலையும் மறுபடி கம்பைல் செய்யவேண்டும். துணை நிரல்களைத் தனியே கம்பைல் செய்து வைத்துக்கொள்ளும் வசதி 1958-இல் ஃபோர்ட்ரான் 2-உடன் வந்தது. நினைவகப் பஞ்சம் தீர்ந்துவிட்ட இந்தக் காலத்திலும் நேரப் பஞ்சம் தீரவில்லை. ஆயிரம் கோப்புகளில் ஒன்றை மாற்றினால் ஒன்றை மட்டும் கம்பைல் செய்வதற்கு இந்த ஏற்பாடு இல்லாமல் வழியில்லை.

இப்போது கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய இடம் வருகிறது. லிங்கர் இரண்டு கோப்புகளையும் எதை வைத்துப் பொருத்தியது? பெயரை வைத்து மட்டும். ‘தொகை’ எத்தனை உள்ளீடு வாங்கும், அது முழு எண்ணா, தசம எண்ணா, என்ன திருப்பித் தரும், எதுவுமே சி மொழியின் சிம்பல் டேபிளில் கிடையாது. பெயர்கூட லிங்கரைப் பொறுத்தவரை பொருளுள்ள சொல் இல்லை, பைட்களின் வரிசை. இதைத் தமிழ்ப் பெயரை வைத்தே தெளிவாகக் காட்டலாம். ‘தொகை’யில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் முதல் வகையில் ‘தொகை’ 12 பைட், இரண்டாம் வகையில் 15 பைட். ஒரு கோப்பை ஒரு விசைப்பலகையிலும் மற்றதை வேறொன்றிலும் தட்டச்சு செய்து இப்படி மாறிப்போனால், லிங்கர் ‘தொகை என்று ஒன்று இல்லை’ என்றே சொல்லும். கண்ணுக்கு எதிரே அது இருக்கும். ஜிசிசி இரண்டாம் வகை எழுத்தைக் கண்டால் எச்சரிக்கை தருவது இதனால்தான். அந்த எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள்.

பெயர் பொருந்தாமல் போவது பரவாயில்லை, நின்றாவது போகும். பெயர் பொருந்தி, உள்ளே இருப்பது பொருந்தாமல் போவதுதான் ஆபத்து. கடன்.சி-யில் ‘தொகை’ தசம எண்ணை வாங்கித் தசம எண்ணைத் தருகிறது. முதன்மை.சி-யில் யாரோ அதை முழு எண் வாங்கி முழு எண் தரும் ஃபங்ஷன் என்று அறிவித்துவிட்டார். கம்பைலர் அந்த அறிவிப்பை நம்பும். வேறு வழி அதற்கு இல்லை. லிங்கர் பெயரைப் பார்த்துப் பொருத்திவிடும். நிரல் ஓடும்போது நடப்பது இது: 64 பிட் லினக்ஸில் முழு எண்கள் செயலியின் ஒரு வகைப் பதிவேட்டில் (ரெஜிஸ்டரில்) போகும், தசம எண்கள் வேறு வகைப் பதிவேட்டில் போகும். அழைப்பவர் 10000 என்ற அசலை முழு எண்ணுக்கான பதிவேட்டில் வைத்துவிட்டு அழைக்கிறார். ‘தொகை’ அந்தப் பக்கமே திரும்பாமல் தசம எண் பதிவேட்டில் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஒரு மதிப்பை எடுத்துக் கணக்குப் போடுகிறது. விடையையும் அதே பதிவேட்டில் வைக்கிறது. அழைத்தவர் விடையை முழு எண் பதிவேட்டில் தேடி, அங்கே கிடந்ததை எடுத்துக்கொண்டு போகிறார். எச்சரிக்கை இல்லை, நிரல் நிற்கவும் இல்லை. கடன்காரருக்குத் தவறான தொகை மட்டும் அச்சாகி வருகிறது.

பழைய சி-யில் இந்தப் பிழை நடக்க அறிவிப்பே தேவைப்படவில்லை. அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால் அது முழு எண் தரும் என்று கம்பைலர் தானாகவே வைத்துக்கொள்ளும். நினைவகம் கேட்டு வாங்கும் ‘மாலக்’கை, அதன் அறிவிப்பு இருக்கும் ஹெடர் கோப்பைச் சேர்க்காமல் அழைத்த நிரல்கள், முகவரியும் முழு எண்ணும் ஒரே 32 பிட்டாக இருந்த காலத்தில் சரியாகவே ஓடின. 64 பிட்டுக்கு மாறியதும் திரும்பி வந்த முகவரியின் மேல் பாதி வெட்டுப்பட்டு விழுந்தன. 1999-இன் சி தரநிலை இந்த வழக்கத்தை நீக்கியது. ஜிசிசி இதை எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்தியது 2024-இல், 14-ஆம் பதிப்பில்தான். கால் நூற்றாண்டு தாமதம். எவ்வளவு பழைய நிரல்கள் இதை நம்பி ஓடிக்கொண்டிருந்தன என்பதற்கு அதுவே சாட்சி.

ஆக, சி-யில் இரண்டு கோப்புகளுக்கும் நடுவே வகைப் பொருத்தத்தைப் பார்க்க ஒருவரும் இல்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் ஹெடர் கோப்பு என்ற ஏற்பாடு. ‘தொகை’யின் அறிவிப்பை ஒரே ஒரு ஹெடரில் எழுதி, அழைக்கும் கோப்பும் அதையே சேர்க்கவேண்டும், ஃபங்ஷன் எழுதியிருக்கும் கடன்.சி-யும் அதையே சேர்க்கவேண்டும். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘ஃபங்ஷனே இங்கே இருக்கிறது, அறிவிப்பு எதற்கு’ என்ற எண்ணம். ஆனால் அறிவிப்பும் வரையறையும் ஒரே கோப்பில் சந்திக்கிற ஒரே இடம் அதுதான். அங்கே மட்டும்தான் கம்பைலரால் இரண்டையும் ஒப்பிட்டு, வகை முரண்படுகிறது என்று சொல்ல முடியும்.

சி++ வேறு வழியில் போனது. ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் இருக்கலாம் என்று அந்த மொழி அனுமதித்ததால், உள்ளீட்டு வகைகளையும் சேர்த்துப் பெயரையே நீட்டிவிட்டார்கள். தசம எண் வாங்கும் ‘தொகை’, லினக்ஸில் ஓர் அடிக்கோடு, இசட், பிறகு பெயரின் நீளமான 12, பிறகு ‘தொகை’, கடைசியில் தசம வகையைக் குறிக்க ஓர் எழுத்து என்று சிம்பல் டேபிளில் ஏறும். முழு எண் என்று தவறாக அறிவித்தால் கடைசி எழுத்து மாறும், பெயர் பொருந்தாது, லிங்கர் நிறுத்திவிடும். லிங்கருக்குப் புதிதாக ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை, அதற்குத் தெரிந்த ஒரே பாஷையில் விஷயத்தைத் திணித்துவிட்டார்கள். இருந்தாலும் ஓட்டை முழுதாக அடைபடவில்லை. சாதாரண ஃபங்ஷன்களின் நீட்டிய பெயரில் திருப்பித் தரும் மதிப்பின் வகை சேராது. அதில் மட்டும் தவறு செய்தால் சி++-இலும் ஓசையின்றி ஒட்டிவிடும். சி-யில் எழுதிய லைப்ரரியை சி++-இலிருந்து அழைக்க ‘எக்ஸ்டர்ன் சி’ என்று போடுவதும், இந்தப் பெயர் நீட்டலை அந்த ஃபங்ஷன்களுக்கு மட்டும் நிறுத்திவைக்கத்தான்.

பெயரை நீட்டுவது எல்லாக் காலத்திலும் சாத்தியமாக இருக்கவில்லை. 1989-இன் சி தரநிலை, கோப்பு தாண்டும் பெயர்களில் முதல் 6 எழுத்துகளுக்குத்தான் உத்தரவாதம் தந்தது. அதற்குமேல் நினைவில் வைக்காத பழைய லிங்கர்கள் அப்போது புழக்கத்தில் இருந்தன. ‘பிரிண்ட்எஃப்’, ‘மாலக்’ எல்லாம் ஆங்கிலத்தில் எண்ணிப் பாருங்கள், சரியாக 6 எழுத்து.

லைப்ரரிகளைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் அங்கேதான் சிக்குகிறார்கள். லினக்ஸில் வர்க்கமூலம் காணும் ஃபங்ஷன் கணித லைப்ரரியில் தனியாக இருக்கிறது. கட்டளை வரியில் அதைக் கேட்கவேண்டும். கேட்காமலே 2-இன் வர்க்கமூலம் வந்துவிட்டது, பயனர் தரும் எண்ணுக்கு மட்டும் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ வருகிறது என்று குழம்புவார்கள். 2 என்று நேரடியாக எழுதியிருந்தால் கம்பைலரே விடையைக் கணக்கிட்டு எழுதிவிடுகிறது. அழைப்பே நடப்பதில்லை, ஆகவே லைப்ரரியும் தேவைப்படவில்லை. அடுத்தது வரிசை. நிரலுக்குள்ளேயே சேர்ந்துவிடும் ஸ்டாட்டிக் லைப்ரரிகளை லிங்கர் இடமிருந்து வலமாக ஒருமுறைதான் பார்க்கும். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்கும் பெயர்களுக்கு வேண்டியதை மட்டும் உருவிக்கொண்டு நகர்ந்துவிடும். லைப்ரரியை முதலிலும் உங்கள் கோப்பைப் பின்னாலும் கொடுத்தால், லைப்ரரியைப் பார்க்கும்போது அது எதையுமே தேடிக்கொண்டிருக்காது.

நிரலுக்குள் சேராமல் தனிக் கோப்பாகவே இருக்கும் டைனமிக் லைப்ரரிகளில் இந்தப் பெயர்ப் பொருத்தம் நிரல் ஓடத் தொடங்கும் வரை, சில நேரம் ஒரு ஃபங்ஷனை முதன்முறை அழைக்கும் வரைகூட, தள்ளிப்போகிறது. நிரலை நீங்கள் கம்பைல் செய்து பல வருடம் கழித்து லைப்ரரி மட்டும் புதுப்பிக்கப்படலாம் என்பதால் பெயர் ஒன்று, பொருள் வேறு என்ற ஆபத்து இங்கே இன்னும் பெரிது. லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி, பெயரோடு பதிப்பையும் சேர்த்து இதைச் சமாளிக்கிறது. நினைவகத்தை நகலெடுக்கும் ‘மெம்காப்பி’யின் நடத்தை 64 பிட் கணினிகளில் மாறியபோது, 2011-இல் வந்த 2.14 பதிப்பு புதியதற்குப் புதுப் பதிப்புக் குறியைக் கொடுத்தது. பழைய நிரல்கள் கேட்டால் பழையதே கிடைக்கும். இதிலும் பெயரைத்தான் நீட்டினார்கள்.

பெயரை விட்டு வெளியே வந்த ஏற்பாடு ஒன்று உண்டு: லிங்க் நேர மேம்படுத்தல். அதை இயக்கினால் ஜிசிசி ஆப்ஜெக்ட் கோப்புக்குள் இயந்திரக் கட்டளைக்குப் பதிலாகத் தன் உள் வடிவத்தை, வகை விவரங்களோடு, வைத்துவிடும். ஒட்டும் நேரத்தில் எல்லாக் கோப்புகளும் மறுபடி கம்பைலர் முன்னால் ஒன்றாக வரும். ஒரு கோப்பின் ஃபங்ஷனை இன்னொரு கோப்பின் அழைப்புக்குள்ளேயே கரைத்து வேகம் கூட்டுவதற்காகத்தான் இதைச் செய்தார்கள். கூடவே ‘தொகை’யை ஒருவர் முழு எண் என்றும் மற்றவர் தசம எண் என்றும் எழுதியிருந்தால், அறிவிப்பும் வரையறையும் பொருந்தவில்லை என்று இரண்டு கோப்புகளின் வரி எண்களோடும் எச்சரிக்கை வருகிறது. உங்கள் கையில் பழைய சி திட்டம் ஒன்று இருந்தால், வேகம் வேண்டாம் என்றாலும், ஒரு தடவை இதை இயக்கிக் கம்பைல் செய்து அந்த எச்சரிக்கைகளைப் படியுங்கள்.