எண்ணிமக் காலத்தில் இசைத்தொகுப்பு

இசைத்தொகுப்பு அல்லது ஆல்பம் என்பது, ஒரு கலைஞரோ குழுவோ குறிப்பிட்ட வரிசையில் அமைத்து ஒரே பெயரில் வெளியிடும் பாடல்கள் அல்லது இசைக்கோவைகளின் தொகுதி ஆகும். இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு ஆகியவை வழக்கில் இருந்த காலத்தில் இது விற்பனைப் பொருளாகவும் கலைப்படைப்பாகவும் ஒருங்கே விளங்கியது. இணையவழி இசை பரவிய பின்னர் இவ்விரண்டும் தனித்தனியாகப் பிரிந்தன. பாடல்களின் வரிசையைத் தீர்மானிப்பவர் படைத்தவரா, விற்பவரா, கேட்பவரா என்னும் கேள்வி இதனால் எழுந்தது. இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றுள்ளது.

பெயரும் தோற்றமும்

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று முதல் ஐந்து நிமிட இசையே அடங்கும். எனவே நீண்ட இசைக்கோவைகள் பல தட்டுகளில் பதிவு செய்யப்பட்டன. ஒளிப்படங்களைச் சேர்த்து வைக்கும் ஆல்பத்தைப் போல, உறைகள் தைக்கப்பட்ட அட்டைப் புத்தகங்களில் இத்தட்டுகள் வைத்து விற்கப்பட்டன. ஆல்பம் என்ற பெயர் இதிலிருந்தே வந்தது.

1948 இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நீண்டநேர இசைத்தட்டை அறிமுகப்படுத்தியது. இதன் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 22 நிமிட இசை அடங்கியது. பல தட்டுகளுக்குப் பதிலாக ஒரே தட்டு போதுமானதாயிற்று. எனினும் ஆல்பம் என்ற பெயர் நிலைத்தது. முதற்பக்கம் எதில் தொடங்க வேண்டும், எதில் முடிய வேண்டும் என்பதைக் கலைஞர்கள் திட்டமிடலாயினர். பிங்க் பிளாய்ட் குழு 1973 இல் வெளியிட்ட 'த டார்க் சைடு ஆஃப் த மூன்' தொகுப்பில் பல பாடல்கள் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்கின்றன.

கேட்பவரின் தெரிவு

வரிசையை மாற்றும் வழக்கம் எண்ணிமக் காலத்திற்கு முன்பே தோன்றிவிட்டது. பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடாவில் எவரும் தாமே பதிவு செய்ய முடிந்தது. தமிழ்நாட்டில் 1980களில் ஒலிப்பதிவுக் கடைகள் பெருகின. விரும்பிய திரைப்பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, வெற்று நாடாவில் பதிந்து வாங்குவது அக்காலத்தில் பரவலான வழக்கமாக இருந்தது. இன்றைய பாடற்பட்டியலுக்கு இது முன்னோடி எனலாம். 1982 இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில், ஒரு பொத்தானை அழுத்தியே அடுத்த பாடலுக்குச் செல்ல முடிந்தது. ஆயினும், கடையில் வாங்குவோர் முழுத் தொகுப்பையே வாங்க வேண்டியிருந்தது.

தனிப்பாடல் விற்பனை

1999 இல் தொடங்கிய நாப்ஸ்டர் சேவை, எம்பி3 கோப்புகளாகப் பாடல்களைத் தனித்தனியே பகிர வழி செய்தது. பதிப்புரிமை வழக்குகளால் 2001 இல் அது நிறுத்தப்பட்டது. 2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் தொடங்கிய ஐடியூன்ஸ் கடை, ஒரு பாடலை 99 அமெரிக்கச் சதங்களுக்குச் சட்டப்படி விற்றது. பத்துப் பாடல்கள் கொண்ட தொகுப்பிலிருந்து விரும்பிய இரண்டை மட்டும் வாங்க முடிந்ததால், இசை நிறுவனங்களின் வருவாய்க் கணக்கு மாறியது.

தொழில்நுட்பமும் தொகுப்பின் தொடர்ச்சியைப் பாதித்தது. எம்பி3 குறியாக்கத்தில் கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது அமைதி சேர்வதால், இடைவெளியின்றி அமைந்த பாடல்களுக்கு நடுவே ஓசை அறுபட்டது. பின்னர் வந்த மென்பொருள்கள் இக்குறையைப் பெரும்பாலும் நீக்கின. தொகுப்பைப் பிரித்து விற்பதை எதிர்த்த ஏசி/டிசி குழு, 2012 வரை தன் பாடல்களை ஐடியூன்சில் விற்க இசையவில்லை.

பிங்க் பிளாய்ட் வழக்கு

பிங்க் பிளாய்ட் குழுவும் இஎம்ஐ நிறுவனமும் செய்திருந்த ஒப்பந்தத்தில், தொகுப்புகளின் கலை முழுமையைக் காக்கும் விதி ஒன்று இருந்தது. குழுவின் ஒப்புதலின்றிப் பாடல்களைப் பிரித்து விற்கக் கூடாது என்பது அதன் பொருள் எனக் குழுவினர் வாதிட்டனர். அவ்விதி தட்டு போன்ற பருப்பொருள் வடிவங்களுக்கே பொருந்தும், இணைய விற்பனைக்குப் பொருந்தாது என நிறுவனம் வாதிட்டது. 2010 மார்ச்சில் இலண்டன் உயர் நீதிமன்றம் குழுவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எனினும் 2011 சனவரியில் இரு தரப்பினரும் புதிய உடன்பாடு செய்துகொண்டனர். அதன்படி தனிப்பாடல் விற்பனைக்குக் குழு இசைந்தது. தொகுப்பின் முழுமையைச் சட்டம் காத்த போதிலும், சந்தைப் பழக்கம் வேறு திசையில் சென்றதை இது காட்டுகிறது.

ஸ்ட்ரீமிங்

தரவிறக்காமலே இணையவழி பாடல் கேட்கும் முறை ஸ்ட்ரீமிங் எனப்படுகிறது. 2008 இல் சேவையைத் தொடங்கிய ஸ்பாட்டிஃபை இவ்வகையில் பெயர் பெற்றதாகும். இம்முறையில் வருவாய்ப் பங்கு, பாடல் கேட்கப்படும் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் குறைந்தது 30 நொடிகள் ஒலித்தால் ஒரு கேட்பாகக் கணக்கிடப்படுகிறது.

அமெரிக்காவின் பில்போர்டு இதழ், தொகுப்புகளின் தரவரிசையில் ஸ்ட்ரீமிங் கேட்புகளை 2014 திசம்பரில் சேர்த்தது. அப்போது 1,500 கேட்புகளோ, 10 தனிப்பாடல் விற்பனைகளோ ஒரு தொகுப்பு விற்பனைக்கு ஈடாகக் கொள்ளப்பட்டன. இவ்வீதம் பின்னர் மாற்றப்பட்டது. இத்தகைய கணக்கீட்டில் கூடுதல் பாடல்கள் கொண்ட தொகுப்புகளுக்குச் சாதகம் உண்டு என விமர்சிக்கப்படுகிறது. கிறிஸ் பிரவுன் 2017 இல் வெளியிட்ட தொகுப்பில் 45 பாடல்கள் இருந்தன. ஒரே பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் அது தொகுப்பின் கணக்கில் சேரும் என்பதால், தரவரிசையில் மேலே உள்ள தொகுப்பு முழுமையாகக் கேட்கப்பட்டது என்று கொள்ள இயலாது.

தற்போதைய நிலை

தொகுப்புகள் வெளிவருவது நிற்கவில்லை. 2021 நவம்பரில் பாடகி அடெல் '30' என்ற தொகுப்பை வெளியிட்டபோது, அவரது வேண்டுகோளை ஏற்று, தொகுப்புப் பக்கங்களில் பாடல்களைக் கலைத்து ஒலிக்கும் பொத்தானை முதன்மை நிலையிலிருந்து ஸ்பாட்டிஃபை நீக்கியது. அமெரிக்காவில் 2020 இல் இசைத்தட்டு விற்பனை வருவாய், 1986 க்குப் பின் முதன்முறையாகக் குறுந்தகட்டின் வருவாயை விஞ்சியது.

இசைத்தட்டில் வரிசைப்படி கேட்பதே எளிது. மாற்றிக் கேட்க ஊசியைத் தூக்கி வைக்க வேண்டும். எண்ணிமக் கருவியில் அந்த முயற்சி தேவையில்லை. எனவே ஒரு தொகுப்பை முழுமையாகக் கேட்பது, கருவியின் கட்டாயத்தால் நிகழ்வதற்கு மாறாக, இன்று கேட்பவரின் தெரிவாக அமைகிறது.