ஓட்டுக்குள் ஓர் ஊர்: பெயர் துளைக்கா, உயிருக்கா?

துறவி நண்டு சுமந்து திரியும் பழைய நத்தை ஓடு ஒன்றை லென்ஸுக்கு அடியில் வையுங்கள். ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். துளைக்கும் துளைக்கும் நடுவே, ஓட்டின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, மயிரிழை போன்ற கோடுகள் ஓடும். அலை அரித்தது என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவை வாசல்களாக இருக்கலாம். உள்ளே ஒரு குடியிருப்பே இருக்கலாம்.

குடியிருப்பது பிரையோசோவா என்ற, கூட்டமாக வாழும் சின்னஞ்சிறு விலங்கு. இன்று கடலிலும் நன்னீரிலும் வாழும் ஏறத்தாழ 6,000 இனங்களில், ஓட்டைத் துளைத்து உள்ளே வாழக் கற்றவை மிகச் சில. பெனிட்ரான்ஷியா, இம்மெர்ஜென்ஷியா, டெரிப்ரிபோரா, ஸ்பாதிபோரா என்று நான்கு பேரினங்களை முக்கியமாகச் சொல்லலாம். நான்குமே பொதுவாக டீனோஸ்டொமேட்டா வரிசையில் வைக்கப்படுகின்றன. மற்ற பல பிரையோசோவாக்களுக்கு உள்ள சுண்ணாம்புச் சுவர் இவற்றுக்குக் கிடையாது. அடுத்தவர் கட்டிய சுண்ணாம்பே இவற்றுக்குக் கோட்டை.

கூட்டத்தின் ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு ஜூவாய்டு. நீளம் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குள் ‘U’ வடிவக் குடல், முட்டை, தசை எல்லாம் அடக்கம். உடற்சுவர்த் தசைகள் சுருங்கியதும் உள்ளே அழுத்தம் ஏறி, உணர்கொம்பு வளையம் வாசல் வழியே பூப்போல விரியும். வாய் அந்த வளையத்துக்கு உள்ளே, மலவாய் வெளியே. ஆபத்து என்றால் இழுதசை ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய்விடும்.

ஸ்வீடன் நாட்டு விலங்கியலாளர் லார்ஸ் சிலேன் 1946-இல் பெனிட்ரான்ஷியாவையும் இம்மெர்ஜென்ஷியாவையும் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அடுத்த ஆண்டே அவற்றின் உடலமைப்பை விரிவாக எழுதினார். சுண்ணாம்பை அமிலத்தால் கரைத்தே இவை உள்ளே போகின்றன என்பது அவர் முடிவு. அதைவிடப் பெரிய சிக்கலையும் அவர் கண்டார். பெனிட்ரான்ஷியாவின் வாசலுக்கு மூடி இருக்கிறது, கருவை வளர்க்கத் தனி அறை இருக்கிறது. இரண்டும் கைலோஸ்டொமேட்டா என்ற வேறொரு வரிசையின் அடையாளங்கள். அப்படியானால் இதன் உறவு யாரோடு? அந்தக் கேள்வி பல பத்தாண்டுகள் நீண்டது.

இதற்கு வெறும் துளையைப் பார்த்து விடை சொல்ல முடியாது. பதப்படுத்திய ஓட்டுச் சில்லை மெல்லிய அமிலத்தில் போட்டால் நுரைத்துக் கரையும். சுண்ணாம்பு போனபின், கண்ணாடிபோல ஒரு மெல்லிய வலை தட்டில் மிதக்கும். இழையும் பையும் மடங்கிய உணர்கொம்புகளுமாக முழுக் கூட்டமும் அதில் இருக்கும். மூடியும் தசையும் கருவறையும் அங்கேதான் தெரியும். காய்ந்த ஓட்டில் துளை இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

என் கவலை இங்கேதான். டெரிப்ரிபோரா 1847-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் டோர்பிஞியின் தென்னமெரிக்கப் பயண நூலில் பெயர் பெற்றது முதல், இந்தக் குழுவில் பல பெயர்கள் துளையின் வடிவத்தையே நம்பி நிற்கின்றன. ஒரே விலங்கு கெட்டியான ஓட்டில் ஒரு மாதிரியும் மெல்லிய ஓட்டில் வேறு மாதிரியும் துளைக்கலாம். இரண்டு விலங்குகள் ஒரே மாதிரித் துளையையும் விட்டுச் செல்லலாம்.

தொல்லுயிரியலார் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. 44 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஆர்டோவிசியன் கால ஓடுகளில் எஞ்சியது ரோபலோனேரியா போன்ற துளைத்தடம் மட்டுமே. அதற்கு ஒரு பெயர் வேண்டும்தானே என்பார்கள். ஆர். ஏ. போஹோவ்ஸ்கி 1978-இல் வெளியிட்ட பெரிய ஆய்வும் அந்தத் துளைகளை வைத்தே குழு முழுவதையும் ஒழுங்குபடுத்தியது.

கல்லாகிப்போனதற்கு அது சரி. இன்றைக்குக் கடலில் உயிரோடு உணர்கொம்பு விரிப்பதற்கும் அதே அளவுகோலா? உடலைப் பார்த்துப் பெயரிட உடல் மிஞ்ச வேண்டும். ஆனால் அழகுக்காகக் கழுவி, வெளுத்து, மெருகேற்றிய ஓடுகளே சேகரிப்பவர்களின் பெட்டிகளில் சேர்கின்றன. வெளுப்பில் முதலில் அழிவது இந்த மெல்லிய உடல். ஓட்டைச் சேகரிப்பவர்கள், ஒன்றிரண்டையாவது கழுவாமல், ஈரம் காயுமுன் சாராயத்தில் போட்டு, எடுத்த இடத்தையும் நாளையும் எழுதி வையுங்கள். என்றாவது ஒருவர் அந்தச் சில்லை அமிலத்தில் இடும்போது, தட்டில் மிதக்க அந்த வலை மிச்சமிருக்க வேண்டும்.