கரைக்காரர்கள் எழுதிய கடல் ஒப்பந்தம்

கடலில் யார், எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்பதை நாடுகள் கூடிப் பேசி முடிவு செய்கின்றன. அந்தக் கூட்டங்களில் புதுப்பட்டினம் குப்பத்து ஃபைபர் படகுக்காரருக்கோ, கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்ணுக்கோ இடம் கிடைப்பதில்லை. இத்தகையவர்களுக்காக நின்றவர்கள் ஒரு வழி கண்டார்கள். தனியே மாநாடு கூட்டி, தங்கள் ஒப்பந்தத்தைத் தாங்களே எழுதினார்கள்.

எப்போது தொடங்கியது?

1984இல் ரோமில் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு உலக மீன்வள மாநாட்டை நடத்தியது. அந்நகரிலேயே மீன் தொழிலாளர்களும் அவர்களது ஆதரவாளர்களும் மாற்று மாநாடு நடத்தினர். அதன் தொடர்ச்சியாக 1986இல் திருவனந்தபுரத்தில் உருவான பன்னாட்டு அமைப்புதான் ஐ.சி.எஸ்.எஃப். பின்னர் சென்னையில் அதன் அலுவலகம் அமைந்தது.

1992இல் ரியோவில் நடந்த புவி உச்சி மாநாட்டில் அரசுகள் ‘அஜெண்டா 21’ திட்டத்தை ஏற்றன. அப்போது அதே ஊரின் ஃபிளமெங்கோ பூங்காவில் கூடிய தன்னார்வ அமைப்புகள் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்று ஒப்பந்தங்களை எழுதின. அவற்றுள் ஒன்று மீன்வளம் பற்றியது. எந்த அரசையும் அது கட்டுப்படுத்தவில்லை.

அதனால் பயன் என்ன?

வெளியே எழுதிய வாசகங்கள் மெல்ல உள்ளே போயின. சிறு அளவிலான மீன்பிடிப்பு பற்றிய 2008 பாங்காக் மாநாட்டில் மீனவர் அமைப்புகள் தங்கள் கோரிக்கைகளை முன்வைத்தன. நாடுதோறும் கலந்தாய்வுகள் நடந்தன. 2014 ஜூனில், சிறு அளவிலான மீன்பிடிப்புக்கான தன்னார்வ வழிகாட்டு நெறிகளை உணவு, வேளாண்மை அமைப்பின் மீன்வளக் குழு ஏற்றது.

அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர் ஐ.சி.எஸ்.எஃப். செயலாளர் சந்திரிகா சர்மா. அவ்வாண்டு மார்ச் 8 அன்று உணவு, வேளாண்மை அமைப்பின் கூட்டத்துக்காக மங்கோலியா புறப்பட்டவர், காணாமல் போன மலேசிய விமானத்தில் இருந்தார். நெறிகள் அவருக்கே அர்ப்பணிக்கப்பட்டன.

அவை சொல்வது என்ன? கடலோடு கரையும் மீனவருக்குப் பிழைப்பிடம். இரண்டிலும் அவர்களுக்கு உரிமை வேண்டும். திட்டம் தீட்டுமுன் அவர்களைக் கலந்து பேச வேண்டும். மீன் விற்கும், கருவாடு போடும் பெண்களும் தொழிலாளரே. உலகில் மீன்பிடிப்பை நம்பி உழைப்போரில் சுமார் 90 சதவீதம் பேர் சிறு மீனவத் துறையினர் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

குறை எங்கே?

இது ‘தன்னார்வ’ நெறி. மீறும் அரசைத் தட்டிக்கேட்க வழியில்லை. உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தமோ, ஏற்ற நாடுகளை 2025 செப்டம்பர் முதல் கட்டுப்படுத்துகிறது. மாற்று ஒப்பந்தம் ஒரு கோரிக்கைக்கு மொழி தரும், சட்டபலம் தராது. அந்தப் பலத்தை உள்ளூர்ச் சட்டத்தில்தான் தேட வேண்டும்.

தேடினால் கிடைக்கும். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு வலை போடக்கூடாது என்கிறது தமிழகத்தின் 1983ஆம் ஆண்டுச் சட்டம். 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள்தொகை அடர்ந்த ஊர்ப்புறக் கரைகளில் கட்டுமானத் தடை எல்லையை 50 மீட்டராகச் சுருக்கியது. ஆனால் மீனவக் கிராமங்கள், மீனவரின் பொது இடங்கள், மீன் உலர்த்தும் களங்கள் ஆகியவற்றைக் கடலோர வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது.

படகு நிறுத்தும் மணலும் வலை காயும் இடமும் அந்த வரைபடத்தில் இருக்கின்றனவா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். இல்லையென்றால், தீர்மானம் போட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.